பார்லி முற்றினால்தான் மாதம் பிறக்கும்: இஸ்ரேல் பயணக் குறிப்புகள்

மார்ச் 19, 2023, ஞாயிறு – ரெஹோவோத்

"எதற்காக வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார் விமான நிலைய அதிகாரி. அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

"பார்லி வயல் பார்க்க."

"வயலில் என்ன இருக்கிறது?"

"கதிர் முற்றிவிட்டதா என்று பார்க்கணும்."

அவர் பக்கத்துக் கூண்டைத் தட்டி ஹீப்ருவில் ஏதோ சொன்னார். அங்கிருந்தவர் எட்டிப் பார்த்து, "கராயிட்டா?" என்றார். வேதத்தை மட்டும் ஏற்கும் யூதப் பிரிவு அது. நான் கராயிட் இல்லை, அவர்களோடு போகிறேன் என்றேன். இருவரும் சிரித்தார்கள். விசாரணை அத்தோடு முடிந்து நீலச் சீட்டு கைக்கு வந்தது.

சித்தி மகன் இங்கே ரெஹோவோத்தில் தாவர ஆராய்ச்சி செய்கிறான். மன்னார்குடிப் பக்கம் நெல் வயலில் ஒன்றாக வளர்ந்தவர்கள் நாங்கள். "அண்ணே, இங்க ஒரு கூட்டம் பார்லி முத்துனாத்தான் வருஷம் பொறந்துச்சுங்குது, ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்று போன வருஷமே சொல்லியிருந்தான். பஞ்சாங்கம் என்றால் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. வந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். யூதர்களின் மாதம் பிறையில் தொடங்குகிறது. பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள். சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைகிறது. அப்படியே விட்டால், ரம்ஜான் எல்லாப் பருவத்திலும் சுற்றி வருவதைப் போல யூதர்களின் வசந்தப் பண்டிகையான பஸ்காவும் சுற்றும். ஆனால் பஸ்கா ஆபிப் மாதத்தில் வரவேண்டும் என்பது வேதக் கட்டளை. ஆபிப் என்பது பார்லிக் கதிரின் ஒரு பருவம். தமிழ் வேதாகமத்தில் வாற்கோதுமை என்று வருமே, அந்தப் பயிர். அதனால் சில ஆண்டுகளில் பதின்மூன்றாவது மாதம் ஒன்றைச் செருக வேண்டியிருக்கிறது. தெலுங்குக்காரர்களின் அதிக மாசத்துக்கும் இதே காரணம்தான். நம் சித்திரை சூரியனைப் பிடித்துக்கொண்டதால் நமக்கு இந்தத் தலைவலி இல்லை.

எந்த ஆண்டில் செருகுவது? பெரும்பாலான யூதர்களுக்கு அது கணக்கு: 19 ஆண்டுகளில் 7 முறை. 3, 6, 8, 11, 14, 17, 19-ஆம் ஆண்டுகள். கி.பி. 358-இல் யூதத் தலைவர் இரண்டாம் ஹில்லேல் வகுத்த முறை என்பது மரபு. கராயிட்டுகள், ரபிகள் என்ற யூத மத அறிஞர்களின் மரபு நூலான தால்முத்தை ஏற்காதவர்கள். வேதத்தில் இல்லாத கணக்கு எங்களுக்கு எதற்கு என்று கேட்பவர்கள். பிறையைக் கண்ணால் பார், பார்லியை வயலில் போய்ப் பார். இதுதான் அவர்களின் பழைய வழி.

இரவு தம்பி வைத்த ரசம். புளி இங்கே விலை அதிகம் என்று எலுமிச்சை பிழிந்திருந்தான். குடித்துவிட்டுப் படுத்தேன்.

மார்ச் 20, திங்கள் – ஜெருசலேம்

மழை. யாஃபா வாசலில் இறங்கியதுமே குடை மேல்நோக்கித் திரும்பிக்கொண்டது. கடைக்காரர் ஒருவர் தானாக வந்து, குடையை வாங்கி, கம்பியை நிமிர்த்திக் கொடுத்து, "இது சீனக் குடை, என்னிடம் நல்லது இருக்கிறது, நாற்பது ஷெக்கல்" என்றார். உதவியா வியாபாரமா என்று பிரித்துப் பார்க்க முடியாத ஊர். நாற்பது ஷெக்கல் என்றால் தொள்ளாயிரம் ரூபாய். நனைந்துகொண்டே நடந்தோம்.

யூதக் குடியிருப்பில் கராயிட் தொழுகைக்கூடம் தரைக்குக் கீழே இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் தங்கள் முன்னோடி அனான் பென் தாவீது கட்டியது என்பது அவர்கள் நம்பிக்கை. மேலிருந்து எட்டிப் பார்த்தோம். நாற்காலி கிடையாது. கல் வளைவுகளுக்குக் கீழே கம்பளங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் நெற்றி பதித்துத் தொழுகிறவர்கள் இவர்கள். பள்ளிவாசலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு நொடி குழப்பமாகத்தான் இருக்கும்.

பத்தாம் நூற்றாண்டில் இந்த ஊரில் பெரிய கராயிட் சமூகம் இருந்தது. 1099-இல் சிலுவைப் போர்க்காரர்கள் வந்ததோடு அது சிதறிவிட்டது. அந்த நாட்களில் இங்கிருந்து வயல் பார்த்துவிட்டு, எகிப்துக்கும் மற்ற ஊர்களுக்கும் கடிதம் போகுமாம்: ஆபிப் கிடைத்தது, அல்லது கிடைக்கவில்லை, ஒரு மாதம் தள்ளிக்கொள்ளுங்கள்.

கணக்கு வருவதற்கு முன்பு ரபிகளும் பிறை பார்த்துத்தான் மாதம் தொடங்கினார்கள். ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் அந்தக் கதை விரிவாக இருக்கிறது. பேத் யாசேக் என்ற பெரிய முற்றத்தில் சாட்சிகளைக் கூட்டி வைத்து விசாரிப்பார்களாம். அடுத்த முறையும் வரட்டும் என்று அவர்களுக்கு நல்ல விருந்து போடுவார்களாம். ரபிகளின் தலைவர் ரப்பான் கமலியேல் தன் மாடி அறையில் பிறையின் வடிவங்களைச் சுவரிலும் பலகையிலும் வரைந்து வைத்திருந்தார். இப்படியா பார்த்தாய், அப்படியா பார்த்தாய் என்று காட்டிக் கேட்பார். முடிவானதும் ஒலிவ மலையில் தீ மூட்டுவார்கள், அடுத்த குன்றில் அதைப் பார்த்து இன்னொரு தீ, இப்படியே பாபிலோன் திசை வரைக்கும் போகும். பக்கத்துப் பகுதிச் சமாரியர்கள் வேண்டுமென்றே பொய்த் தீ மூட்டிக் குழப்பிய பிறகு, ஆள் அனுப்பத் தொடங்கினார்கள். தீயை நம்பலாம் என்றால் பக்கத்து வீட்டுக்காரரையும் நம்பவேண்டியிருக்கிறது.

ஆண்டை நீட்டுவதற்கு ரபிகள் பார்த்த அடையாளங்கள் மூன்று: பார்லிக் கதிர், மரத்துக் காய், சம இரவுநாள். இவற்றில் குறைந்தது இரண்டு தாமதமானால்தான் ஒரு மாதம் சேர்ப்பார்கள். தம்பி கைப்பேசியைப் பார்த்துச் சொன்னான், "அண்ணே, சம இரவுநாள் இன்னைக்கு ராத்திரிதான்."

மதியம் எள் தூவிய நீள ரொட்டி, கூடவே காகிதத்தில் மடித்த ஸாத்தர் பொடி. பத்து ஷெக்கல். நேற்றிலிருந்து சாப்பிட்டதில் விலைக்குத் தகுந்தது இது ஒன்றுதான். திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி என் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். போதாது என்றார்.

மார்ச் 21, செவ்வாய் – வடக்கு நெகேவ்

காலை ஆறு மணிக்கு ரம்லாவிலிருந்து வண்டி. ரம்லாவில்தான் கராயிட்டுகளின் தலைமை மையம் இருக்கிறது. எங்களைக் கூட்டிப்போனவர் கெய்ரோவில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு இங்கே வந்தவர். பெரியவர் என்றே எழுதுகிறேன். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், ஆகவே யார் வண்டி ஓட்டினாலும் குறை சொல்லுவார். கூட வேளாண்மை படித்த ஓர் அம்மா, டெக்சாஸிலிருந்து ஒரு கிறிஸ்தவத் தம்பதி, ஒஹையோக்காரர் ஒருவர். கிறிஸ்தவர்களிலும் வேதப் பண்டிகைகளை வேத முறைப்படியே கொண்டாடும் சிறு குழுக்கள் உண்டு. வயல் பார்க்க ஆண்டுதோறும் வருவது பெரும்பாலும் அவர்கள்தான் என்றார் பெரியவர்.

பேர்ஷேபாவுக்கு வடக்கே தார்ச்சாலையை விட்டு இறங்கினோம். இங்கே ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர். எங்கள் ஊரில் ஐப்பசியில் ஒரு வாரத்துக்கே அவ்வளவு கொட்டும். இந்த மழையை நம்பி, பாசனம் எதுவும் இல்லாமல், பாலைவன அரபிகளான பெதுயின்கள் பார்லி விதைக்கிறார்கள். அக்டோபர், நவம்பரில் முதல் மழையோடு விதைப்பு. மழை பொய்த்தால் ஆட்டை விட்டு மேய்த்துவிடுவார்கள். நஷ்டம் என்று யாரும் தலையில் கைவைப்பதில்லை.

முதல் வயலில் இறங்கியதும் எனக்குச் சொந்த ஊர் ஞாபகம்தான். முழங்காலுக்குச் சற்று மேலே பயிர், கதிர் நுனியில் நீண்ட மீசை, காற்றடித்தால் வயல் முழுக்க ஒரே பக்கம் சாய்ந்து எழுகிறது. வண்டியிலிருந்து பார்த்தபோது எல்லாம் பச்சை. கிட்டே போனால் அப்படியில்லை. தெற்குப் பார்த்த சரிவில் கதிர்கள் வெளுத்து, கணு மட்டும் பச்சையாக இருந்தது. பள்ளத்தில் இன்னும் கரும்பச்சை. ஒரே வயலுக்குள் இரண்டு பருவம்.

அந்த அம்மா ஒரு கதிரை நடுவில் ஒடித்து, ஒரு மணியை எடுத்து, உமியை நகத்தால் கீறி, கட்டைவிரலால் நசுக்கினார். வெள்ளையாகப் பசை மாதிரி வந்தது. விரலில் ஒட்டியது, வழியவில்லை. "பால் தாண்டிவிட்டது, மாவு கட்டுகிறது" என்று அவர் சொன்னதைத் தம்பி மொழிபெயர்த்தான். பால் பிடிப்பதும் மாவு கட்டுவதும் எங்கள் வீட்டில் சின்ன வயசிலேயே கேட்ட பேச்சு. அடுத்த கதிரை நானே எடுத்து நசுக்கினேன். உள்ளே கொஞ்சம் கெட்டியான மாவு, நகம் பதிந்தது. மூன்றாவதில் பால் பீச்சியடித்துச் சட்டையில் பட்டது. அது பள்ளத்துக் கதிர். "அதைக் கணக்கில் சேர்க்காதே" என்றார் ஒஹையோக்காரர். "ஏன் சேர்க்கக்கூடாது?" என்றார் பெரியவர். அரை மணி நேரம் அங்கேயே வாக்குவாதம்.

சண்டையின் சாரம் எனக்குப் புரிந்தவரை இப்படி. சில கதிர்கள் ஆபிப் ஆனால் போதுமா, ஒரு வயல் முழுக்க ஆகவேண்டுமா? நாட்டில் பல இடங்களில் ஆகவேண்டுமா? மாதம் முடிகிற நாளிலேயே முற்றியிருக்கவேண்டுமா, அல்லது பண்டிகைக்குள் முற்றிவிடும் என்று தெரிந்தால் போதுமா? முதல் கதிர்க்கட்டை ஆசாரியர் அசைவாட்ட வேண்டும் என்று லேவியராகமம் சொல்கிறது. அந்த நாள் வருவது மாதம் பாதி தாண்டிய பிறகுதானே? எத்தனை கதிர் என்று வேதத்தில் எங்கும் எண் இல்லை. அதனால் ஆளாளுக்கு ஓர் அளவு. ஒஹையோக்காரரின் குழுவுக்கு பிப்ரவரியிலேயே சாலையோரத்தில் முற்றிய கதிர் கிடைத்துவிட்டதாம். பிப்ரவரி 21 மாலைப் பிறையோடு அவர்களுக்கு வருஷம் பிறந்து, மார்ச் 7-ஆம் தேதியே பஸ்காவும் முடிந்தது. அப்புறம் எதற்கு இந்த வயலுக்கு வந்தார்? தாங்கள் செய்தது சரிதான் என்று நிரூபிக்கவாம்.

சாலையோரக் கதிரைப் பெரியவர் ஒத்துக்கொள்வதாக இல்லை. தாரில் விழுகிற மழையெல்லாம் ஓரத்துக்குத்தான் வடிகிறது, அது வயலின் நிலைமை ஆகாது என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. வரப்பு ஓரத்து நெல்லைப் பார்த்து அறுவடைக்கு ஆள் சொல்கிறவன் எந்த ஊரிலும் இல்லை.

காட்டுப் பார்லி வேறு இருக்கிறது. பயிரிடும் பார்லிக்கு மூதாதை. பழுத்ததும் தொட்டாலே நுனியிலிருந்து பொலபொலவென்று உதிர்கிறது. பயிர்ப் பார்லி உதிராமல் தாங்கும், அதனால்தான் மனிதன் அறுத்துக் கொண்டுவர முடிந்தது. இந்தக் காட்டு மணி ஒன்று என் காலுறைக்குள் புகுந்து, முள் மீசையால் ஏறி ஏறி, முழங்கால் வரை வந்துவிட்டது. பேண்ட்டை மடித்து அதைத் தேடி எடுப்பதற்குள் டெக்சாஸ் அம்மா இரண்டு படம் எடுத்துவிட்டார்.

வேதத்தில் இவர்கள் அடிக்கடி காட்டும் இடம் யாத்திராகமம் ஒன்பதாம் அதிகாரம். எகிப்தில் கல்மழை பெய்தபோது வாற்கோதுமை அழிந்தது, ஏனென்றால் அது கதிர்ப் பருவத்தில் இருந்தது. கோதுமை தப்பியது, அது பின்னால் வருகிற பயிர். பக்கத்து வயல் கோதுமைதான். போய்ப் பார்த்தேன். கதிர் இன்னும் உறையை விட்டு முழுசாக வெளியே வரவில்லை. எப்போது எழுதிய வரியோ, வயலில் நின்று பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது.

திரும்பும்போது ஓடையில் வண்டி சிக்கிக்கொண்டது. நேற்றைய மழைச் சேறு. பெரியவர் ஓட்டியவரைத் திட்ட, ஓட்டியவர் ஓடையைத் திட்ட, பத்து நிமிஷத்தில் ஒரு பெதுயின் பையன் டிராக்டரோடு வந்து இழுத்துவிட்டான். நூறு ஷெக்கல் நீட்டினால் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து டீ குடிக்காமல் போகக்கூடாது என்றான். தகரக் கொட்டகை. சின்னக் கண்ணாடிக் குவளையில் கற்பூரவள்ளி மாதிரி வாசம் அடிக்கிற ஏதோ இலை போட்ட டீ, பாதிக்குப் பாதி சர்க்கரை. கூடவே இரும்புக் கவிழ்ச்சட்டியில் சுட்ட மெல்லிய ரொட்டி. அந்த வயல் அவன் சித்தப்பாவுடையது. நாங்கள் கதிர் ஒடித்ததை தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம். "இவர்கள் வருஷா வருஷம் வருகிறார்கள். பார்லி எப்போது முற்றும் என்று என்னைக் கேட்டால் நானே சொல்லிவிடுவேனே" என்றார்.

பெரியவர் அரபியில் அவரைக் கேட்டார்: எப்போது?

"பத்து நாள். காற்று அடித்தால் எட்டு."

எல்லோரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மார்ச் 22, புதன் – லெஹாவிம் பக்கத்துக் குன்று

அம்மா ஊரிலிருந்து பேசினார். அடுத்த வீட்டு ரெட்டியார் வீட்டில் உகாதிப் பச்சடி கொடுத்தார்களாம். நேற்று அமாவாசை, இன்று அவர்களுக்குப் புது வருஷம். இங்கேயும் இன்று மாலை பிறை தெரிந்தால் புது வருஷம். ஒரே நிலா.

காலையில் இரண்டு வயல் பார்த்தோம். நேற்றைய கதையே, விரிவாக எழுத ஒன்றுமில்லை. மதியம்தான் சுவாரசியம். லேவியராகமம் இரண்டாம் அதிகாரத்தில் நெருப்பில் வாட்டிய பச்சைக் கதிரைக் காணிக்கையாகக் கொண்டுவரச் சொல்கிறது. அதையே சோதனையாக வைத்திருக்கிறார்கள். மரத்தடியில் கேஸ் அடுப்பு, இரும்புச் சட்டி. பள்ளத்துக் கதிர்களை முதலில் போட்டார்கள். மீசை கருகி, மணி சுருங்கி, ஊதினால் உமி மட்டும் பறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அடுத்து சரிவுக் கதிர்கள். தீயில் படபடவென்று பொரிந்தன. உள்ளங்கையில் தேய்த்து ஊதினால் பச்சையும் பழுப்புமாக உருண்டை மணிகள் மிஞ்சின. வாயில் போட்டேன். வெந்த மாவின் இனிப்பு, பின்னாலேயே புகை வாசம். பல்லில் லேசாக இழுத்தது. உப்பு இருந்திருந்தால் இன்னும் ஒரு கை தின்றிருப்பேன். பஸ்காவின் மறுநாள் கில்காலில் யோசுவாவின் ஆட்கள் தின்றது இதைத்தான் என்றார் பெரியவர்.

சட்டியில் மிஞ்சியதை எண்ணி, வயல் அளவை எண்ணி, போதும் என்று முடிவு. பிறை மட்டும் பாக்கி.

இன்று தெரியாவிட்டால் நாளைதான். மாதம் 29 நாளில் முடியாமல் 30 ஆகிவிடும். ஐந்தரை மணிக்குக் குன்றில் ஏறினோம். குளிர் காற்று, மேற்கே தூசியும் சிதறிய மேகமும். சூரியன் 5.50 வாக்கில் மறைந்தது. முதலில் வெள்ளி, நல்ல உயரத்தில். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. டெக்சாஸ்காரர் பைனாகுலரை எடுத்தார். பெரியவர் அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். கண்ணால் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கு நேர் கீழே, அடிவானத்துக்குப் பக்கத்தில் வியாழன் மங்கலாகத் தெரிந்தது. தம்பி சொல்லிக்கொண்டே இருந்தான், "வியாழனுக்குக் கீழ பாருங்கண்ணே, ரெண்டு டிகிரி, அவ்வளவுதான்."

6.16-க்கு அந்த வேளாண்மை அம்மா கையை நீட்டினார். ஒன்றும் தெரியவில்லை எனக்கு. ஒரு மேகக் கீற்று விலகியதும் தெரிந்தது: நகம் வெட்டிப் போட்ட துணுக்கு அளவுக்கு, சிவப்பு வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அடிப்பக்கம் வெளிச்சம், இரண்டு முனையும் மேல்நோக்கி. சிமிட்டினால் மறைந்து மறுபடி தேடவேண்டியிருந்தது. வயசு 23 மணிநேரம்கூட ஆகாத பிறை.

பெரியவர் எங்களைத் தனித்தனியாகத் தள்ளி நிறுத்தி விசாரித்தார். சூரியன் இறங்கிய இடத்துக்கு வடக்கா தெற்கா? எவ்வளவு உயரம்? முனை எந்தப் பக்கம்? எவ்வளவு தடிப்பு? கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. இதெல்லாம் மிஷ்னாவில் உள்ள கேள்விகள், மிஷ்னாவை நீங்கள் ஏற்பதில்லையே என்றேன். "நல்ல கேள்வியை யார் கேட்டால் என்ன?" என்றார். கண்புரை அறுவை முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது அவருக்கு. அவருக்கும் தெரிந்தது. யாரையும் நம்பவேண்டிய அவசியமில்லாமல் தானே பார்த்ததில் மனிதருக்கு அவ்வளவு பூரிப்பு. கைப்பேசியை எடுத்து வரிசையாகச் செய்தி அனுப்பினார்.

இறங்கி வரும்போது ராஹாத் பக்கமிருந்து வெடிச் சத்தம். ரம்ஜான் பிறை. நம் ஊரில் சவுதிப் பிறையா உள்ளூர்ப் பிறையா என்று ஒரே தெருவில் இரண்டு நாள் பெருநாள் கொண்டாடிப் பார்த்திருக்கிறேன். இந்த ஆண்டு இங்கே எல்லோருக்கும் ஒன்றாக அமைந்துவிட்டது. ரபிகளின் அச்சடித்த நாட்காட்டியிலும் நீசான் மாதம் (ஆபிப்புக்கு இன்னொரு பெயர்) இன்று மாலையேதான் தொடங்குகிறது. இத்தனை அலைச்சலுக்குப் பிறகு, சுவரில் தொங்குகிற தாளும் அதையேதான் சொல்லியிருந்தது.

மார்ச் 23, வியாழன் – ராஹாத்

நோன்பு முதல் நாள். ராஹாத் பெதுயின்களின் பெரிய நகரம். பகலில் ஒரு டீக்கடைகூடத் திறக்கவில்லை. பையிலிருந்த பேரீச்சம்பழத்தை வண்டிக்குள் ஒளிந்து தின்றோம். டிராக்டர்ப் பையனின் சித்தப்பா மாலை நோன்பு திறக்கக் கூப்பிட்டிருந்தார். பெரியவரும் வந்தார். பருப்பு சூப், பச்சைக் கோதுமையை வாட்டி உடைத்த ஃப்ரீக்கே, அதன் மேல் கோழி. நேற்றுச் சட்டியில் தின்ற புகை வாசம் இதிலும் இருந்தது. இங்கே இதைப் பண்டிகைக்காகச் செய்வதில்லை, பசிக்குச் செய்கிறார்கள்.

பாங்கு சொல்லும் வரை பெரியவரும் தண்ணீர்கூடத் தொடவில்லை. யாரும் அவரைக் கேட்கவில்லை.

மார்ச் 24, வெள்ளி – ரம்லா

இன்று அதிகாலை நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். கோடைகால நேரம். கைப்பேசி தானாக மாறியது, விடுதிச் சுவர்க் கடிகாரம் மாறவில்லை, காலைச் சாப்பாடு அந்தக் கடிகாரத்தின்படி. பேர்ஷேபாவில் பஸ் கண்முன்னாலேயே போனது. வெள்ளி மதியத்துக்கு மேல் பஸ் அருகிவிடும், யூதர்களின் வார ஓய்வு நாளான சப்பாத் தொடங்கினால் அறவே இல்லை. அடுத்ததில் நின்றுகொண்டே வந்தோம். பிறையைப் பார்த்து மாதம் சொல்கிறவர்களைப் பழமைவாதிகள் என்கிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஒரு மணிநேரத்தைக் காணாமல் அடிப்பதை யாரும் கேட்பதில்லை.

ரம்லாச் சந்தையில் பச்சை வாதுமைக்காய். ஓட்டோடு கடித்து, உப்புத் தொட்டுத் தின்னவேண்டும். மாங்காய்ப் பிஞ்சின் புளிப்பு. ஒரு பை பத்து ஷெக்கல். பம்பாயிலிருந்து வந்த பெனே இஸ்ரேல் யூதர்கள் இங்கே நிறையப் பேர். மராத்தி பேசும் ஒரு பாட்டி கடையில் சமோசா கிடைத்தது. இந்தியா என்றதும் ஒன்று கூடுதலாக வைத்தார்.

மாலை பெரியவர் வீட்டில். கராயிட்டுகள் சப்பாத்துக்கு விளக்கு ஏற்றுவதில்லை. இருட்டுவதற்கு முன்பே சாப்பாடு முடிந்தது: ஃபூல் அவரை, கத்தரிக்காய், எகிப்திய ஊறுகாய். மருமகள் ரபி வழிக் குடும்பத்துப் பெண். குளிர்பெட்டிக் கதவில் இரண்டு நாட்காட்டி. இரண்டும் ஒத்துப்போகாத ஆண்டில் இரண்டு பஸ்கா, இரண்டு முறை வீடு கழுவல். "இந்த வருஷம் ஒண்ணே போதும்" என்று மருமகள் சொன்னபோது பெரியவரின் பேரன்கள்தான் அதிகம் சந்தோஷப்பட்டார்கள்.

இதற்கும் பழைய முன்மாதிரி உண்டு. கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக்கூட அறையில் கண்டெடுத்த பழைய தாள்களில் திருமண ஒப்பந்தங்களும் இருக்கின்றன. கராயிட்டும் ரபி வழியினரும் மணந்துகொள்ளும்போது, ஒருவர் பண்டிகையை மற்றவர் மீறும்படி வற்புறுத்தக்கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். பிறை பார்த்தும் இஸ்ரேல் தேசத்தில் ஆபிப் கண்டும் பண்டிகை கொண்டாடுவோம் என்றும் கராயிட் ஒப்பந்தங்களில் வரி உண்டு. சீர்வரிசை எவ்வளவு என்பதற்குப் பக்கத்திலேயே பார்லி.

நான் கேட்டேன்: கணக்கு இருந்தால் கப்பலில் இருப்பவனுக்கும் கனடாவில் இருப்பவனுக்கும் முன்கூட்டியே தெரியுமே? பெரியவர் மறுக்கவில்லை. கிரீமியாவில் இருந்த எங்கள் ஆட்களும் கடைசியில் கணக்குக்குத்தான் போனார்கள், அங்கிருந்து இங்கே வயலை எப்படிப் பார்ப்பது என்றார். ஆனால் கணக்கும் சுத்தமில்லை என்பதையும் விடவில்லை. 19 ஆண்டுச் சுழற்சியில் ஆண்டுக்கு ஆறு ஏழு நிமிஷம் கூடுதல். சுமார் 216 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகும். ஹில்லேல் காலத்திலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போயாச்சு. "வயல் பிசகாதா?" என்றேன். "பிசகும். ஆனால் நாமும் அங்கேதான் நிற்கிறோம்."

என்னைக் கேட்டால் நான் கணக்குக் கட்சிதான். லீவு போடவேண்டுமே.

மார்ச் 25, சனி – ரெஹோவோத்

சப்பாத். பஸ் இல்லை, கடை இல்லை. தூக்கம். காலுறையில் இன்னும் இரண்டு காட்டு மணி.

மார்ச் 27, திங்கள் – விமான நிலையம்

நேற்று இரவு பாதுகாப்பு அமைச்சரைப் பிரதமர் நீக்கியதாகச் செய்தி. நள்ளிரவில் டெல் அவீவின் நெடுஞ்சாலையில் கூட்டம், நெருப்பு. நீதித்துறைச் சட்டங்களுக்கு எதிராகப் பல வாரமாக நடக்கும் போராட்டம். காலையில் பொது வேலைநிறுத்தம். நாங்கள் விமான நிலையம் போய்ச் சேர்ந்த பிறகுதான் புறப்படும் விமானங்கள் எல்லாம் நிறுத்தம் என்று தெரிந்தது. வந்து இறங்குகிறவர்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள், போகிறவர்களுக்கு இடமில்லை.

தரையில் உட்கார்ந்தோம். சீஸ் வைத்த காய்ந்த ரொட்டி 38 ஷெக்கல். இந்தப் பயணத்தின் மோசமான சாப்பாடும் அதிக விலையும் ஒரே தட்டில். எதிரில் இருந்த ஒரு குடும்பம் எங்களைக் கேட்காமலேயே கொதிநீர் வாங்கிவந்து நூடுல்ஸ் டப்பாவை நீட்டியது. நான்கு வயசுக் குழந்தை என் பெட்டியின் மேல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது. அம்மாக்காரி மன்னிப்புக் கேட்கவில்லை, படம் எடுத்துக்கொண்டார்.

மாலையில் சட்டத்தைத் தள்ளிவைப்பதாகப் பிரதமர் பேசினார். வேலைநிறுத்தம் முடிந்தது. எங்கள் துபாய் விமானம் விடிகாலைக்கு என்று பலகையில் வந்தது. தம்பி வழியனுப்பிவிட்டுக் கிளம்பினான்: "அண்ணே, அம்மாகிட்ட புளி குடுத்துவிடச் சொல்லுங்க."

என் பக்கத்து இருக்கை ஒஹையோக்காரருக்கு. பெல்ட் போடுவதற்கு முன்பே கைப்பேசியில் பிப்ரவரிக் கதிர்களின் படத்தைத் திறந்துவிட்டார். "இதைப் பாருங்கள், இது ஆபிப் இல்லையா?" பெரிதாக்கிப் பார்த்தேன். நல்ல வெளுத்த கதிர்தான். ஓரத்தில் தார்ச்சாலை தெரிந்தது. அதைச் சொன்னேன். அடுத்த படத்துக்குத் தள்ளினார்.